உட்கார்ந்த யானையை எழுப்பிய படலம்

"அகப்பட்டாயடா, காற்றுக் கள்வா!"

என்று முழங்கினான் நம் நாயகன். முழங்கினான் என்பது காவிய மரபுக்காகச் சொல்வது. உண்மையில் அவன் வாயில் ஒரு டார்ச் லைட் இருந்தது. வலது கையில் சோப்புத் தண்ணீர் நிறைந்த ஸ்பிரே பாட்டில். இடது கையோ, பல் பார்க்கும் வட்டக் கண்ணாடியைப் பிடித்தபடி, கார் ஷெட்டில் வயிறு தரைதட்ட அமர்ந்திருந்த கருநிறப் பெருவாகனத்தின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருந்த நான்கு விரல் சந்துக்குள் முழங்கைவரை போய், திரும்பி வர வழி தெரியாமல் நின்றிருந்தது. ஆகவே உலகத்தின் காதில் விழுந்தது "ம்ம்ம்ங்ஙா" என்பது மட்டும்தான்.

வாழ்க அவன் வீரம்! கடைவாய்ப் பல்லின் முதுகில் ஒளிந்திருக்கும் கடுகளவு சொத்தையையும் காட்டிக்கொடுக்கும் வட்டக் கண்ணாடியை வேலெனத் தாங்கியவன். சுழலும் ஊசியின் ஓசையாலேயே மல்லர்களை மழலைகளாக்கியவன். 'கொஞ்சம்கூட வலிக்காது' என்ற ஒரே பொய்யை இருபது ஆண்டுகளாக, நாளொன்றுக்குப் பதினைந்து முறை, முகம் மாறாமல் சொல்லிவரும் நாவன்மை மிக்கவன். பல் டாக்டர் என்று ஊரும், 'ஏங்க' என்று மனைவியும், 'மாப்பிள்ளை' என்று, சற்றே இழுத்து, அந்த இழுப்பிலேயே ஆயிரம் அர்த்தம் வைத்து, மாமியாரும் அழைக்கும் அந்த ஏந்தலை முதற்கண் வணங்குவோம்! பாத்திரம் துலக்கும் பச்சைத் திரவமே, எலுமிச்சை மணத்தோய், எண்ணெய்ப் பிசுக்கின் எமனே, உன்னையும் வணங்குவோம்! ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே நுரையாகப் பூத்து உண்மையை ஊருக்குச் சொல்!

சீக்கிரம் சொல். மணி ஆறு பத்து. ஏழரைக்கு இழுவை வண்டி வந்துவிடும்.

எதற்கு இழுவை வண்டி? சொல்கிறேன். கை சந்துக்குள் மாட்டியிருக்கிறதல்லவா, அவன் எங்கேயும் போய்விட மாட்டான்.

அந்தக் காருக்கு வயது பதினான்கு. மனிதருக்குப் பதினான்கு என்றால் மீசை அரும்பும் பருவம். காருக்குப் பதினான்கு என்றால் பல் விழும் பருவம். ஆனால் விழுந்த பல்லிலும் ஒரு காலத்துத் தங்கம் மின்னியது. வானம் பார்க்கும் கூரை, முதுகைச் சூடாக்கும் இருக்கை, கதவைத் திறந்தால் காலடியில் விழும் வட்ட வெளிச்சம், பதினாறு ஸ்பீக்கர் (அவற்றில் இன்னும் பாடுபவை பதினொன்று) என்று அரசர் வீட்டு வரிசைகள் அதற்கு ஏராளம். எல்லாவற்றுக்கும் மேலாக அதன் கால்கள்! மற்ற கார்கள் இரும்புச் சுருளின்மேல் நிற்கும். இதுவோ நான்கு ரப்பர்ப் பைகளில் காற்றை அடைத்து, அந்தக் காற்றின்மேல் நிற்பது. ஏர் சஸ்பென்ஷன் என்று அதற்குப் பெயர். ஏறுபவருக்குக் கால் எட்டவில்லையா? ஒரு பட்டனை அழுத்தினால் போதும், பட்டத்து யானைபோல நான்கு காலையும் மடித்துத் தாழும். வண்டி நகரத் தொடங்கினால் தானாகவே நிமிர்ந்து எழும்.

விற்றவர் அந்த மண்டியிடலைச் செய்து காட்டிய கணத்திலேயே நம் நாயகன் விழுந்துவிட்டான். அவனைக் குற்றம் சொல்லாதீர்கள். இருபது ஆண்டுகளாக அடுத்தவர் வாய்க்குள் குனிந்தே நின்ற முதுகு அது. தனக்காக ஒன்று குனிவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது. வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் அவன் வாங்கிய ஒரே பொருள் அந்தக் கார்தான். கேட்டிருந்தால் வாங்கியிருக்க முடியாது என்பதால்தான் கேட்கவில்லை.

மூன்று வாரங்களுக்கு முன் வந்தது வினை.

படுக்கப் போகும்போது நிமிர்ந்து நின்ற வாகனம், விடிந்து போய்ப் பார்த்தால் குந்தியிருந்தது. கிளப்பிக்கொண்டு தெருமுனை தாண்டினால், ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்துகொண்டது. மறுநாள் காலை மறுபடியும் குந்தல். பேட்டரி இளைத்தது, மாற்றினான். புதிய பேட்டரியும் இளைத்தது. போதாக்குறைக்குக் காருக்குள் கற்பூரம் கலந்தாற்போல ஒரு எண்ணெய் வாசனை வேறு.

வேறொருவன் என்றால் மெக்கானிக்கிடம் போயிருப்பான். நம் நாயகனோ தன் கிளினிக்கிலிருந்து ஒரு நோயாளி அட்டையை எடுத்து வந்து, 'பெயர்: கார். வயது: 14' என்று எழுதி, அதன்கீழே, தன்னடக்கம் சிறிதுமில்லாத கையெழுத்தில், தீர்ப்பை வரைந்தான்: 'நான்கு காற்றுப் பைகளிலும் சொத்தை. காற்று கசியக் கசிய கம்ப்ரஸர் ஓயாமல் நிரப்புகிறது. அதனால் பேட்டரி இளைக்கிறது. எண்ணெயும் எங்கிருந்தோ கசிகிறது. நோயாளி ஒத்துழைக்கவில்லை.'

இனி மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் அடிக்கோடு போட்டால் அதற்குக் கீழே யாரும் எழுதியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் சபை கூடியது. அவள் எழுந்து, கையிலிருந்த கரண்டியே செங்கோலாக, பிரகடனம் செய்தாள்:

"தினமும் காலைல ஒரு மணி நேரம் கார் ஷெட்ல, சாயங்காலம் ஒரு மணி நேரம் கார் ஷெட்ல. நேத்து ஒரு பேஷன்ட் வாய்ல சோப்பு வாசனை வருதுன்னு எழுந்து போயிட்டாராம். போதும். வியாழக்கிழமை காலைல ஏழரை மணி. அதுக்குள்ள ஓட்டைய கண்டுபிடிச்சுட்டா கார் இருக்கும். இல்லைன்னா மெக்கானிக் வந்து இழுத்துட்டுப் போய் பார்ட் பார்ட்டா பிரிச்சுக்கட்டும். பெல் அடிச்சா பேப்பர வாங்கிடுவேன், ஆமா!"

மாமியார் இதை வழிமொழிந்திருக்க வேண்டும். வாங்கி வந்த அன்றே வாசலில் நின்று, "உட்கார்ந்த யானை! என் கால் இதுல படாது, சொல்லிட்டேன்" என்று சபதம் செய்தவர் அவர். அந்தச் சபதம் தெரு முழுக்கக் கேட்டது. ஆனால் அன்று ஏனோ அவர் தட்டில் கோடு கிழித்துக்கொண்டே, "இருந்தாலும்... மாப்பிள்ளை ஆசைப்பட்டு வாங்கினது..." என்றார்.

"அம்மா, நீ சும்மா இரு. நீதானே முதல் நாள்லயிருந்து வேண்டாம்னே?"

"நான் சொன்னேன்தான். இல்லேன்னேனா?" என்று மாமியார் வாயை மூடிக்கொண்டார்.

பத்தொன்பது ஆண்டுத் திருமண வரலாற்றில் மருமகனுக்கு ஆதரவாக அந்த வாயிலிருந்து விழுந்த முதல் அரை வாக்கியம் அது. நாயகன் அதையும் சூழ்ச்சி என்றே குறித்துக்கொண்டான்.

சரி, போர்க்களத்துக்குத் திரும்புவோம். மணி ஆறு இருபது. வழக்கமாக ஆறரைக்குத்தான் களம் புகுபவன், இறுதிநாள் என்பதால் ஐந்தே முக்காலுக்கே எழுந்து, முகம்கூடக் கழுவாமல் சமையலறை வழியாக ஓடிவந்திருந்தான். இதோ, வட்டக் கண்ணாடியின் நடுவில், ரப்பர்ப் பையின் மடிப்பில், முத்துப்போல் திரண்டு நிற்கிறது ஒரு குமிழி! வீங்குகிறது. வீங்கி மினுங்குகிறது. கடலைக் கடைந்தவர்கள் முதல் நுரையைக் கண்டபோதும் இப்படி மெய்சிலிர்த்திருக்க மாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மனைவி காபியோடு வந்தாள்.

"ஏங்க, கிடைச்சுதா?"

"ம்ம்ங்."

"சர்க்கரை போடவா?"

"ங்ங்ஙா."

"வாய்ல எதையாவது வெச்சுட்டு உங்க பேஷன்ட்கிட்ட நீங்க கேள்வி கேப்பீங்கல்ல? இப்ப புரியுதா, எப்படி இருக்கும்னு?" என்று சொல்லிவிட்டு, காபியை எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்து மாமியார். ஷெட் கதவோரம், ஒரு கையால் நிலையைப் பிடித்து, இன்னொரு கையைப் புடவைத் தலைப்புக்குள் பொத்தி வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன மாப்பிள்ளை, இன்னிக்கு இவ்வளவு சீக்கிரம்? தினமும் ஆறரைக்குத்தானே வருவீங்க?"

நாயகன் டார்ச்சைத் துப்பினான். "இன்னிக்குக் கடைசி நாள் அத்தை. இதோ பாருங்க, பிடிச்சுட்டேன். குமிழி! லீக்கு!"

பிடித்தது எதை என்று கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. டார்ச்சைக் கவ்விய வாயின் ஓரத்திலிருந்து ஒழுகி, முழங்கை வழியாக இறங்கி, கண்ணாடிக் காம்பில் சொட்டி, பையின் மடிப்பில் திரண்டு, சோப்பு நீரோடு கலந்து குமிழியானது, வேறொன்றுமில்லை, அவனுடைய சொந்த எச்சில். எத்தனை பேருடைய வாயை உறிஞ்சுகுழாய் வைத்து உலர்த்தியவன்! தன் வாய்க்கு ஒரு குழாய் வைக்க ஆளில்லாமல் போயிற்றே!

மாமியார் பெருமூச்சு விட்டார். அது இளக்காரப் பெருமூச்சு என்றே அவன் நினைத்தான்.

சந்திலிருந்து கையை ஒருவழியாக உருவிய பின் நடந்தது கடும்போர். முன்வலக் காலை முற்றுகையிட்டான். நுரை வழிந்தது, குமிழி எழவில்லை. பின் இடக்காலில் பாய்ந்தான். முட்டி உரிந்தது, குமிழி எழவில்லை. பின் வலக்காலில் பாட்டிலின் விசையே உடைந்து, மூடியைத் திறந்து கையால் அள்ளி அள்ளி எறிந்தான். ஷெட் முழுவதும் எலுமிச்சை மணந்தது. வெண்ணிற நுரையில் கார் மிதப்பதுபோல் தோன்றியது. அவனும் ஒருமுறை வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே அடிவயிற்றுக் குழாய்களுக்குக் காது கொடுத்துப் பார்த்தான். உஸ் என்ற ஓசை கேட்டது. அது அவன் மூச்சு. இறுதியில் அவன் வசம் எஞ்சியவை, காலிப் பாட்டில் ஒன்று, ஆறிய காபி ஒன்று, ஓட்டை பூஜ்யம்.

கீங்... கீங்...

ஏழரை. நொடி பிசகவில்லை. இழுவை வண்டி வாசலில் பின்வாங்கி நின்றது.

இறங்கியவர் மெக்கானிக். காற்றுக்கால் வாகனங்களின் வயிற்றுக்குள் வாழ்ந்தே தலை நரைத்தவர். மேல் வரிசைப் பல் ஒன்றுக்குக் கேப் போட வரச் சொல்லி எட்டு மாதம் ஆகியும், நம் நாயகனைத் தெருவில் கண்டாலே சந்துக்குள் நுழைபவர். இன்றைக்கும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டேதான் பேசினார்.

"என்ன டாக்டர் இது, கார குளிப்பாட்டி வெச்சிருக்கீங்க?"

"லீக் பாக்கறேன். நாலு மணி நேரமா... ஒண்ணரை மணி நேரமா பாக்கறேன்."

"உக்காந்த வண்டியிலயா?"

"ஏன்? எழுப்பிட்டா தடயம் கலைஞ்சுடாதா?"

மெக்கானிக் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவ்வளவு அதிர்ச்சி. "காத்து மொத்தமும் இறங்கினப்புறம் ஓட்டையத் தேடினா எப்படி டாக்டர்? செத்தவன்கிட்ட போய் 'எங்க, ஒரு தடவ இருமு'ன்னு கேக்கற மாதிரி இருக்கு. ஏத்தி நிறுத்திட்டுல்ல சோப்பு அடிக்கணும்!"

மனைவி நெற்றியில் அடித்துக்கொண்ட ஓசை, தோல்வி முரசுபோல் ஷெட்டில் எதிரொலித்தது.

மெக்கானிக் சங்கிலியை எடுக்கத் திரும்பினார். திரும்பியவரின் கண் சுவரில் பட்டது. அங்கே இருபத்தோரு நாட்களின் போர்க்குறிப்புகள் சாக்பீஸில் இருந்தன. ஒவ்வொரு இரவும் காலையும், நான்கு சக்கரங்களின் மேலும் மட்கார்டின் உயரத்தை நாயகன் தையல் டேப்பால் அளந்து எழுதிய எண்கள். அவர் அதன்முன் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"டாக்டர், இது நீங்க அளந்ததா?"

"மில்லிமீட்டர் சுத்தமா."

"நாலு காலும் ஒரே அளவா இறங்கியிருக்கே?"

"அதான் சொல்றேன், நாலுலயும் ஓட்டை."

"டீச்சரம்மா, நீங்க கொஞ்சம் பாருங்க."

மூன்று வாரமாக அந்தச் சுவரைப் பார்ப்பதே பாவம் என்றிருந்த மனைவி, ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஒரே முறை. "எழுபத்தஞ்சு. எழுபத்தஞ்சு. எழுபத்தஞ்சு. எழுபத்தஞ்சு. இருபத்தோரு நாளும் இதே வித்தியாசம். நாலு ஓட்டை பேசி வெச்சுக்கிட்டா கசியும்? ஏங்க, என் ஆறாம் கிளாஸ் பசங்க சொல்லுவாங்களே இத!"

"அதேதான்," என்றார் மெக்கானிக். "காத்து கசிஞ்சா ஒரு காலு முன்ன, ஒரு காலு பின்ன, வண்டி நொண்டும். இது நொண்டல. மரியாதையா உக்காந்திருக்கு. நீங்களே சொல்வீங்கல்ல டாக்டர், வலிக்கிற பல்லு ஒண்ணு, சொத்தை இருக்கற பல்லு வேற ஒண்ணுன்னு? இதுல ஓட்டையே இல்ல. யாரோ பட்டனை அழுத்தி உக்கார வெச்சிருக்காங்க."

யாரோ!

நாயகன் மனைவியைப் பார்த்தான். "என்னைப் பாக்காதீங்க, நான் அந்தக் கார் கதவையே தொட்டதில்ல" என்றாள் அவள். மனைவி அவனைப் பார்த்தாள். "நான் ஏன் அழுத்தப் போறேன்?" என்றான் அவன். மெக்கானிக் யாரையும் பார்க்காமல் முன்கதவைத் திறந்து உள்ளே குனிந்தார்.

"இறக்கி வெச்சா டேஷ்போர்டுல ஒரு மஞ்ச லைட்டு எரியுமே, அதுகூடவா பாக்கல? அட, இது என்ன? கறுப்பு டேப்பு?"

நாயகனின் முகம் அந்த டேப்பின் நிறத்துக்கு மாறியது.

"அது... வாங்கின அன்னிக்கு ஒரு லைட்டு எரிஞ்சுட்டே இருந்துச்சு. இவ பாத்தா, கோளாறு வண்டிய தலையில கட்டிட்டான்னு சொல்லுவாளேன்னு..."

"ஒட்டிட்டீங்க."

"ஒட்டிட்டேன்."

"அன்னிக்கு விக்கிறவரு உங்களுக்கு இறக்கிக் காமிச்சாரு. அந்த லைட்டு எரிஞ்சிருக்கு. அது கோளாறு லைட்டு இல்ல டாக்டர். வண்டி உக்காந்திருக்குன்னு சொல்ற லைட்டு."

ஆ! முப்பத்திரண்டு பற்களின் ஒளிவு மறைவுகளை ஊடுருவிய கண்ணே, உன் கண்ணெதிரே ஒரு மஞ்சள் விளக்கு மூன்று வாரமாக மன்றாடியதே! அதன் வாயில் பிளாஸ்திரி ஒட்டியதும் நீயே அல்லவா!

மனைவி காற்றில் விரலால் ஒரு பூஜ்யம் போட்டாள்.

"சாவியக் குடுங்க. டேப்ப பிச்சுட்டு, போட்டுப் பாத்துடலாம்," என்றார் மெக்கானிக். "வண்டி எழுந்துடுச்சுன்னா நான் கிளம்பறேன். எழலைன்னா இழுத்துட்டுக் கிளம்பறேன்."

சாவி! ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துக் கொக்கியில் எப்போதும் தொங்கும் சாவி, கொக்கியில் இல்லை. ஃப்ரிட்ஜின் தலையில் இல்லை. நாயகனின் சட்டைப் பையில் இல்லை. பேன்ட் பையில் ஒரு பல் அச்சு இருந்தது, சாவி இல்லை. மனைவியின் கைப்பையைக் கவிழ்த்ததில் பதினெட்டு சிவப்புப் பேனாக்கள் உருண்டன, சாவி இல்லை. வாஷிங் மிஷினுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்கள். மணி எட்டை நெருங்கியது. பள்ளிக்கூட மணி எட்டரைக்கு. மெக்கானிக் வாட்சைப் பார்த்தார்; மனைவி மெக்கானிக்கைப் பார்த்தாள்.

"சாவி இல்லாமலும் இழுக்கலாம். அடிவயிறு தரையில உராயும், குழாயெல்லாம் பிஞ்சுடும். அப்புறம் இத யாராலயும் எழுப்ப முடியாது. என்ன டீச்சரம்மா?"

"சொன்னா சொன்னதுதான். பெல் அடிச்சாச்சு. எடுத்துட்டுப் போங்க."

கொக்கி மாட்டியது. சங்கிலி இறுகியது. இழுவை வண்டியின் உருளை முனகியது. கருநிறப் பெருவாகனம், தன் மானத்தைத் தரையோடு தேய்த்தபடி, ஒரு விரல் அளவு நகர்ந்தது. நுரைக்குளத்தின் நடுவே, சட்டை நனைந்து, முட்டி உரிந்து, கையில் வட்டக் கண்ணாடியோடு நின்ற நம் நாயகன், களத்தில் யானையை இழந்த வேந்தன்போல், எதையும் தடுக்கவில்லை. தடுக்க உரிமையில்லை என்று அவனுக்கே தெரிந்திருந்தது. கண்ணாடியில் கடைசியாக ஒருமுறை அந்தக் காரின் முகத்தைப் பார்த்துக்கொண்டான்.

"நிறுத்துங்க!"

அந்தக் குரல்! வாசலில் நின்று சபதம் செய்த அதே குரல்! கரையுடைத்த வெள்ளம்போல், கட்டறுத்த களிறுபோல், ஆனால் ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி அடி அடியாக, இழுவை வண்டிக்கும் காருக்கும் நடுவே வந்து, சங்கிலியின்மேல் தம் கையை வைத்து நின்றார் மாமியார். மெக்கானிக் உருளையை நிறுத்தினார். மனைவி "அம்மா?" என்றாள். நாயகன் "அத்தை?" என்றான். பத்தொன்பது ஆண்டுப் பகையும், தெருவறிந்த சபதமும், மூன்று வாரத்து மர்மமும், இருபத்தோரு நாளின் சாக்பீஸ் கணக்கும் ஒன்றாகத் திரண்டு அந்தப் புடவைத் தலைப்புக்குள் பொத்தியிருந்த வலக்கையில் வந்து குவிய, அந்தக் கை மெல்ல, விரல் விரலாக, விரிந்தது. உள்ளங்கையில் கார் சாவி இருந்தது. பக்கத்தில், பாதி தீர்ந்த ஒரு தைல பாட்டில் இருந்தது.

"திருப்பி மாட்டத்தான் வந்தேன்," என்றார் மாமியார், யார் முகத்தையும் பார்க்காமல். "அதுக்குள்ள இவரு ஓடி வந்துட்டாரு."

மாமியாருக்கு மூன்று வாரமாக இடுப்பு வலி, தினமும் காலை ஐந்தேகால் மணிக்கு, கால் எட்டாததால் பட்டனை அழுத்தித் தாழ்த்தி, அந்தக் காரில் ஏறி சீட் ஹீட்டரைப் போட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.